நாலாவது ஆள்

கல்கண்டுச் சத்தம் கேட்கவில்லை. எப்போதிலிருந்து கேட்கவில்லை என்றும் தெரியவில்லை. அருள்தாசன் என் பின்னால் சைக்கிளில் வந்தால் அந்தச் சத்தமும் கூடவே வரும். ஒரு பனங்கல்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மிதிக்கிற காலுக்குத் தாளம் போடுவதுபோலப் பல்லில் தட்டிக்கொண்டே வருவார். டக், டக், டக். இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் பயிற்சியில் அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலியே வந்திருக்கிறது. "வாயை மூடிட்டு ஓட்டக்கூடாதா அருளு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "மூடித்தானே இருக்கேன் எக்கா, தொறந்தா கல்கண்டு விழுந்துரும்லா," என்றார். இப்போது காற்று மட்டும்தான். வலப்பக்கம் மேற்கு, மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், கணவாய்க்குள் நுழைந்த ஆடிக் காற்று வெளியே வரும்போது கோபித்துக்கொண்டு வருகிறது, வலது காதில் வந்து மோதி அங்கேயே நிற்கிறது. காற்று வலமிருந்து வரும்போது ஒருவர் பின் ஒருவராகப் போனால் மறைவு கிடைக்காது. ஒருவருக்குச் சற்றுப் பின்னால், இடப்பக்கமாக ஒதுங்கி, அடுத்தவர் என்று சாய்ந்த வரிசையில் போக வேண்டும். நடுச்சாலையில் பென்சிகர், அவர் மறைவில் ஷிபு, ஷிபுவின் மறைவில் நீலகண்டன், நீலகண்டனுடைய அகலமான முதுகின் மறைவில் நான், என் மறைவில், சாலையின் இடது விளிம்பில், அருள்தாசன். இருக்க வேண்டும். காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது, இடப்பக்கம் பின்னால் வருகிறவரின் சத்தம் என் காதுக்கு எப்படி வரும், அதுதான், அதுவாகத்தான் இருக்கும். ஆனால் இதே காற்றில், இதே சாலையில், பணகுடிப் பக்கம் திரும்பியபோது கேட்டதே. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். திரும்பிப் பார்க்கக் கூடாது. தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் சக்கரம் திரும்பும், என் முன்சக்கரத்துக்கும் நீலகண்டனின் பின்சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளிதான், தொட்டால் இரண்டு பேரும் தார்ச் சாலையில் கிடப்போம். அதனால் பார்க்காமல் இருக்கிறேன். அதனால்தான்.

இரு பக்கமும் காத்தாடிகள். காற்றாலை என்று பத்திரிகையில் எழுதுவார்கள், எங்களுக்குக் காத்தாடி. காலை வெயிலில் கிழக்கே நிற்பவற்றின் நிழல் சாலைமேல் விழுகிறது. ஒவ்வொரு இறக்கையாக வந்து முன்னால் இருப்பவர்களின் முதுகை வழித்துவிட்டுப் போகிறது, பென்சிகர், ஷிபு, நீலகண்டன், பிறகு என் கை. குளிர்ச்சிகூட இல்லை, ஒரு கண் சிமிட்டல். கிளம்பும் இடத்தில் அருள்தாசன் அதைப் பார்த்துவிட்டு, "எல்லாத் தலையையும் எண்ணிட்டுப் போகுது பாருங்க," என்றார். ஷிபு சிரித்தான். ஷிபுவுக்கு இருபத்தாறு வயது, எதற்கும் சிரிப்பான். ஐந்து பேர் கிளம்ப வேண்டும் என்பது இந்தப் போட்டியின் விதி. ஐம்பது கிலோமீட்டர். ஐந்து பேர் கிளம்பினாலும் நாலாவது ஆள் கோட்டைத் தாண்டுகிற நேரம்தான் அணியின் நேரம். ஐந்தாவது ஆள் வரலாம், வராமல் போகலாம், வழியில் நின்று இளநீர் குடிக்கலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். போன வருடம் நாலாவது ஆள் நான். பதினொரு விநாடியில் தோற்றோம். திருநெல்வேலிக்காரர்கள் சுழற்கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எங்கள் சைக்கிள் கழகத்தில் அதைப் பற்றி ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு வருடமாகச் சொல்லவில்லை, ஒவ்வொரு ஞாயிறும் டீக்கடையில் அவர்கள் சொல்லாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டு நான் வடை தின்றேன். இந்த வருடம் பென்சிகர் தாளில் எழுதிக் காட்டினார். அவரும் ஷிபுவும் நீலகண்டனும் மாறி மாறி முன்னால் போய்க் காற்றை வாங்குவார்கள். நானும் அருள்தாசனும் முன்னால் போகவே வேண்டாம், கடைசி இரண்டு இடம், ஒட்டிக்கொண்டு வந்தால் போதும். "எக்கா, இல்லேன்னா அருளண்ணன். ரெண்டுல ஒண்ணு வந்தாப் போதும்," என்றார். "ரெண்டுல ஒண்ணு உயிரோட வந்தாப் போதும்னு தெளிவா எழுதிக் குடும்வே," என்றார் அருள்தாசன். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மனதுக்குள் அவருடைய வயதையும் என் வயதையும் வைத்துப் பார்த்தேன், நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு. அவருடைய தொந்தி, என்னுடைய முட்டி. தக்கலையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறவர், நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர், ஏற்றம் வந்தால் மூச்சு வாங்குவார். அவர் விட்டுவிடுவார், நான் ஒட்டிக்கொள்வேன். இதை நினைத்தேன். நினைப்பது குற்றமில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதமும் கல்கண்டுச் சத்தம் என் பின்னால் கேட்கும்போதெல்லாம் அது எப்போது நிற்கும் என்று காத்துக்கொண்டுதான் ஓட்டினேன், இதுவும் குற்றமில்லை.

எங்கே நின்றது? கடைசியாகக் கேட்டது எங்கே? தனியாக நின்ற ஒரு காத்தாடியைத் தாண்டியபோது இருந்தது, ஒரு பெண் ஆடுகளை ஓட்டிக்கொண்டு சாலையோரம் நின்றாள், சேலையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள், அப்போது "எக்கா, ஆட்டுக்கும் கோப்பை உண்டாம்," என்றார், இருந்தார். பிறகு வாய்க்கால் பாலம். பாலம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை, சாலைக்கு அடியில் ஒரு குழாய், இடப்பக்கம் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்தது, கீழே தண்ணீரில்லாத வாய்க்கால், உடைமுள். அதற்குச் சற்று முன்னால் காத்தாடிக்குக் கேபிள் கொண்டுபோகச் சாலையின் இடது ஓரத்தை வெட்டி மண் போட்டு மூடியிருந்தார்கள், காற்று மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டிருந்தது, ஒரு சக்கரம் முழுசாக இறங்குகிற அளவுக்குக் குழி. நீலகண்டன் கை காட்டினார். இதுதான் எங்கள் பழக்கம். முன்னால் போகிறவர் குழியைப் பார்த்ததும் ஒரு கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் அந்தப் பக்கமாக நீட்டுவார், அடுத்தவர் அதைப் பார்த்து நீட்டுவார், அப்படியே கடைசிவரைக்கும் போகும். பின்னால் வருகிறவருக்குச் சாலை தெரியாது, முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும், அந்த முதுகில் ஒரு கை வரவில்லை என்றால் சாலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நீலகண்டனின் இடது கை வந்தது, தடித்த கை, வாட்ச் கட்டிய இடம் மட்டும் வெளுப்பு. பார்த்தேன். அதே நேரம் இரண்டு காத்தாடிகளுக்கு நடுவே இருந்து காற்று ஓர் உதை உதைத்தது, சைக்கிள் ஒரு முழம் நகர்ந்தது, இரண்டு கையும் இறுகிக்கொண்டது. நிழல் ஒன்று கை மேல் வந்து போனது. குழியின் விளிம்பில் என் சக்கரம் ஒரு விரற்கடையில் தப்பியது. நான் கை காட்டினேனா? கை காட்டியிருப்பேன். ஏழு வருடப் பழக்கம், நினைக்காமலே கை போகும். போயிருக்கும். அப்புறம் ஒரு சத்தம், காய்ந்த பனையோலையை யாரோ இழுத்த மாதிரி ஒரு சரசரப்பு, அவ்வளவுதான். இங்கே பனைகள் நிறைய.

முனை வந்துவிட்டது. சாலை மேற்கே திரும்புகிற முனையில் சிவப்புச் சட்டையும் கொடியுமாக ஒருவர் நிற்கிறார், ஒவ்வொரு அணியாக எண்ணி மேலே அனுப்புகிறவர். கடைசியாகக் கிளம்பிய அணி நாங்கள்தான், எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை, நாங்கள் போனதும் அவர் கொடியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். விரலை நீட்டி எண்ணினார், பென்சிகர், ஷிபு, நீலகண்டன், நான். விரல் என் மேலேயே நின்றது. "நாலு! நாலு பேரு இருக்கியோ! போதும், ஏறுங்க, ஏறுங்க! திருநெல்வேலிக்காரன் உங்களவிட ஏழு செகண்டுதான் முன்னால!" நாலு. இனித் தெரியாது என்று சொல்ல முடியாது. திரும்பியதும் காற்று முகத்தில் விழுந்தது, நனைந்த கம்பளியைப் போட்டு மூடிய மாதிரி, மூச்சை உள்ளே இழுக்கவே ஒரு பலம் வேண்டும். சாய்ந்த வரிசை நேர்வரிசை ஆனது. ஒன்பது கிலோமீட்டர் இப்படித்தான். "எக்கா, இருக்கியளா?" என்று பென்சிகர் முன்னாலிருந்து கத்தினார். "இருக்கேன்! அருள காணல்ல!" என்றேன். சொல்லிவிட்டேன் பார், சொல்லாமல் இருக்கவில்லை. "விட்டுட்டாரு! கணவாய்க்கு முந்தியே விட்ருவாருன்னு தெரியும்! சவத்த விடுங்க, நீங்க ஒட்டிக்கிடுங்க!" "அண்ணன் ஆட்டுக்காரிய போட்டோ எடுத்துட்டு இருப்பாரு!" இது ஷிபு. சவத்த விடுங்க. ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை, பால் பொங்கினாலும் பஸ் போனாலும் சொல்கிற வார்த்தை, இன்றைக்கு அது காற்றில் போகாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறது. தன் முறையை முடித்துவிட்டு நீலகண்டன் முன்னாலிருந்து ஒதுங்கி மெதுவாக என் பக்கம் வந்தார், முகமெல்லாம் எச்சிலும் வியர்வையும், கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவர், எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். "எக்கா, பாலத்துக்கிட்ட குழி. அருளண்ணனுக்குக் கை காட்டினியள்லா?" ம், என்றேன். ம் என்பது ஒரு சொல்கூட இல்லை. மூடிய வாயிலிருந்து வருகிற ஒரு மூச்சு, காற்றில் அது அவருக்குக் கேட்டிருக்கக்கூடாது, கேட்டது. தலையை ஆட்டிவிட்டு எனக்கு முன்னால் நுழைந்துகொண்டார், அந்த அகலமான முதுகை எனக்குக் கொடுத்தார், அதில் இனிச் சந்தேகம் எதுவும் இல்லை.

எவ்வளவு நல்ல மறைவு. இந்த முதுகுக்குப் பின்னால் காற்று பாதிதான். ஒட்டிக்கொண்டே போகலாம், எட்டு கிலோமீட்டர், கால் நன்றாக இருக்கிறது, முட்டி வலிக்கவில்லை, போன வருடம் இந்த இடத்தில் கண்ணில் பூச்சி பறந்தது, இன்றைக்கு இல்லை, ஏழு விநாடிதானே, பிடித்துவிடலாம், நாலாவது ஆளால் தோற்றோம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், சொல்லாமல் இருப்பதும் வேறு மாதிரி இருக்கும். அவர் சும்மா நின்றிருப்பார். செயின் கழன்றிருக்கும். மூச்சு வாங்கி, ஓரமாக உட்கார்ந்து, பையிலிருந்து இன்னொரு கல்கண்டை எடுத்து. சத்தம் நின்றால் உடனே கெட்டதையே நினைக்க வேண்டுமா என்ன? நினைக்க வேண்டும். எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை மதியம், மூன்று மணி இருக்கும், ஆஸ்பத்திரியில் எனக்கு அரை நாள், லேப்பிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் சாய்ந்து வாரப்பத்திரிகையில் ஒரு கதை படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் தேவசகாயம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடக் குறட்டை. மாடு தண்ணீர் குடிக்கிற மாதிரி, நடுவில் ஒரு விசில். திடீரென்று நின்றது. அப்பாடா என்று இருந்தது. என்ன நிம்மதி, வீடே பெரிதாகிவிட்ட மாதிரி. பக்கத்தைத் திருப்பினேன். அந்தக் கதையில் ஒருத்தி கிணற்றடியில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள், கடைசியில் அதைக் கிழிக்கிறாள், அது முழுதும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, ஒவ்வொரு வரியும், ஏனென்றால் அந்த இருபது நிமிடமும் நான் மிக நன்றாகப் படித்தேன். முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். டாக்டர் என் தோளைத் தட்டி, உடனே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாதும்மா என்றார். தெரியவில்லை. அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா உண்மையைச் சொன்னாரா என்று ஏழு வருடமாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் சைக்கிள். தூக்கம் வராதவர்கள் ஓட்டலாம் என்றார்கள். சத்தமாகக் காற்றுள்ள இடமாகப் பார்த்து ஓட்டினேன்.

கை காட்டவில்லை. கை போகவில்லை. போகப் பார்த்தது, சுண்டுவிரல் பிடியிலிருந்து எழுந்தது, அந்த விரல் எழுந்ததை நான் பார்த்தேன், பிறகு அது திரும்பவும் படுத்துக்கொண்டது. காற்றினால்தான். காற்று உதைத்தது. ஆனால் உதைக்கும் முன்பா எழுந்தது, பின்பா? நீலகண்டனின் கை வந்தது, பார்த்தேன், காற்று உதைத்தது. பார்த்ததற்கும் உதைத்ததற்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. ஒரு நிழல் கடக்கிற அளவு இடம். அந்த இடத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். இல்லை, நினைக்கவே இல்லை, கேட்டுக்கொண்டிருந்தேன், டக், டக், அது நிற்குமா என்று. சத்தமாகக் கூப்பிட்டிருக்கலாமே, வாய் சும்மாதானே இருந்தது. காற்றில் வாயைத் திறந்தால் தொண்டை வறண்டுவிடும் என்று பென்சிகர் சொல்வார். இதோ நீலகண்டனின் சக்கரம் ஒரு சாண் தூரத்திலிருந்து இரண்டு சாண் ஆகிறது. மூன்று. மறைவு போய்க்கொண்டே இருக்கிறது, காற்று இரண்டு பக்கமும் கையை விட்டு என்னைப் பிரித்தெடுக்கிறது. நான் கால் நிறுத்தவில்லை என்று நினைத்தேன், பார்த்தால் கால் நின்றிருக்கிறது. நீலகண்டன் ஒரு தடவை தலையைத் தாழ்த்திக் கைக்கு அடியில் பின்னால் பார்த்தார். "எக்கா! எக்கா, ஒட்டுங்க! நாலாவது ஆளு நீங்கதான்!" ஷிபுவும் கத்தினான், என்ன கத்தினான் என்று தெரியவில்லை, சிரிப்பில்லாத அவன் குரலை இதற்கு முன் கேட்டதில்லை. ஒரு பனை தூரம். இரண்டு பனை தூரம். காலை ஊன்றினேன். சைக்கிளைத் திருப்பினேன்.

திரும்பியதும் காற்று இல்லாமல் போய்விட்டது. முதுகில் இருக்கிறது, தள்ளுகிறது, ஆனால் காதில் இல்லை. மிதிக்காமலே சைக்கிள் பறக்கிறது, காற்றும் நானும் ஒரே வேகம், உலகம் முழுதும் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி ஒரு மௌனம், அதில் ஒவ்வொன்றும் கேட்கிறது, என் செயின், என் மூச்சு, எங்கோ ஒரு மைனா. இத்தனை நேரம் எதையும் கேட்க முடியாது என்று நான் சொல்லிக்கொண்டிருந்த அதே சாலை. முனையில் கொடிக்காரர் நிஜமாகவே கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "என்னம்மா, வழி மாறி வந்துட்டியளா?" "ஆம்புலன்ஸ் வேன கூப்பிடுங்க. வாய்க்கால் பாலத்துல ஆளு விழுந்துருக்கு." "விழுந்தத பாத்தியளா?" "பாக்கல்ல. கூப்பிடுங்க." அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். வடக்கே திரும்பினேன், காற்று இப்போது இடது காதுக்கு மாறிக்கொண்டது. தூரத்திலிருந்தே ஒரு சத்தம். டக். டக். டக். டக். அருளு, என்றேன் சத்தமாக, சிரித்துக்கூட விட்டேன், சாமீ, உட்கார்ந்து கல்கண்டு தின்றுகொண்டிருக்கிறார், கிட்டப் போனதும் திட்ட வேண்டும். இடிந்த சுவருக்குப் பக்கத்தில் முள்ளுக்குள் சைக்கிள் தலைகீழாக மாட்டியிருந்தது. முன்சக்கரத்தைக் காற்று சுழற்றிக்கொண்டிருந்தது. ஒரு முள் குச்சி கம்பிகளில் பட்டுப் பட்டுத் தெறித்தது, டக், டக், டக்.

வாய்க்காலுக்குள் காற்று வராது. மணல் சூடாக இருந்தது. அருள்தாசன் மல்லாந்து கிடந்தார், ஹெல்மெட் அப்படியே இருந்தது, முகத்தில் ஒரு கீறல்தான், சுற்றிலும் கல்கண்டு சிதறியிருக்க எறும்பு வந்துவிட்டிருந்தது. கிழக்கே நின்ற காத்தாடியின் நிழல் அவர் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் போனது. கண் திறந்திருந்தது. நிழல் போனதும் அந்தக் கண் என் பக்கம் திரும்பியது. "வந்துட்டியளா. கோப்பை போச்சா எக்கா?" "போகட்டும். வேன் வருது. அசையாதீங்க." "அசையல்ல. ஒரு உதவி மட்டும் செய்யுங்க, காலு ரெண்டும் மடங்கிக் கெடக்கு, இடைஞ்சலா இருக்கு, கொஞ்சம் நீட்டி விடுங்க." பார்த்தேன். இரண்டு காலும் மணலில் நேராக நீட்டியிருந்தன, அளந்து வைத்த மாதிரி, ஒரு ஷூ மட்டும் கழன்றிருந்தது. பன்னிரண்டாயிரம் பேருடைய இரத்தத்தைப் பார்த்தவள், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், முதுகெலும்பு முறிந்து இப்படிக் கேட்கிறவர்களை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது வழிவிட்டு ஒதுங்கி நின்றவள். "நீங்க கை காட்டிருப்பீங்க," என்றார். "நான்தான் கல்கண்டு எடுக்க பைக்குள்ள கைய விட்டுட்டேன். பாக்கல்ல. பென்சிகர்ட்ட சொல்லிருங்க, எக்காமேல தப்பு இல்லேன்னு." மேலே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ம் என்று சொன்னால் போதும். வாய் மூடியேதான் இருந்தது, மூச்சு விட்டால் போதும், அதுவாக வந்துவிடும். "காட்டல்ல அருளு," என்றேன். "குழிய பாத்தேன். கைய எடுக்கல்ல." நிழல் வந்தது, போனது, வந்தது. அவர் கண் என்மேல்தான் இருந்தது, ஆனால் நான் சொன்னது அங்கே போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. "செரி, அது கெடக்கட்டும்," என்றார், கொஞ்சம் பொறுமை இழந்த குரலில், டீ இன்னும் வரவில்லை என்று கடையில் சொல்வாரே அப்படி. "கால நீட்டி விடுங்கன்னு சொன்னேன்லா. எப்பந் தொடப் போறியோ?" நான் இரண்டு கையாலும் அவருடைய கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.